கலையாத கல்யாணம்

கல்யாணத்தில் ஊதுகிறவனுக்குக் கடைசிப் பந்தியில்தான் சாப்பாடு. அதில் எனக்கு வருத்தமில்லை. வாத்துக்கறி தீர்ந்து எலும்புதான் மிஞ்சினாலும், ஆடிக் களைத்த முகங்களைப் பார்த்தபடி ரொட்டியைக் குழம்பில் தோய்த்துத் தின்பதில் ஒரு சுகம் உண்டு. பாசல் நகரத்தில், ரைன் ஆற்றுக்கு இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும், தோல்பையை அக்குளில் இடுக்கி நான் ஊதும் துருத்திக்குழல் கேட்காத கல்யாணம் குறைவு. ஹென்மன் வந்தால் நொண்டியும் ஆடுவான் என்பார்கள். நீதிபதிகளே, உங்களில் இருவரின் கல்யாணத்துக்கும் நான்தான் ஊதினேன். நன்றாகவே ஆடினீர்கள்.

அந்தச் சந்தோஷத்துக்கு ஈடாக உலகத்தில் ஒன்றும் இல்லை. அதில் ஒரே குறை, மறுநாள் அது இருப்பதில்லை. கிரெட்லின் என்று ஒருத்தி. தன் கல்யாணத்தன்று சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்து, அந்த விக்கலோடேயே ஆடினாள். இரண்டு வருடம் கழித்துப் பாலத்தடியில் டர்னிப் கிழங்கு விற்றுக்கொண்டிருந்தாள், ஒரு கன்னம் வீங்கியிருந்தது. "உனக்கு ஊதின பாட்டு ஞாபகம் இருக்காம்மா?" என்றேன். "எந்தப் பாட்டு?" என்றாள்.

அன்றிலிருந்துதான் யோசிக்க ஆரம்பித்தேன். என் தங்கை வெரேனாவுக்கும் அப்போதுதான் பேச்சு முடிந்திருந்தது. அம்மா போன பிறகு நான் வளர்த்த பெண். மாப்பிள்ளை ரூடி படகோட்டி, நல்லவன். கல்யாணத்தன்று எல்லோருமே நல்லவர்கள்தான்.

பக்கத்துத் தெருவில் கிழட்டுச் சேவல் ஒன்று முட்டையிட்டதும், நீங்கள் அதை விசாரித்து, முட்டையோடு சேர்த்து எரித்ததும் ஊரறிந்த விஷயம். அது இட்டது இரண்டு முட்டை. இன்னொன்றை நான் எருக்குழியில் ஒரு தேரையின் அடியில் வைத்தேன். பொரிந்து வந்தது, பெரியவர்கள் சொல்லும் அதே பசிலிஸ்க்தான்: சேவல் தலை, பல்லி உடம்பு, பாம்பு வால். அதன் கண்ணைப் பார்த்த உயிர் கல்லாகிவிடும். வேட்டை வல்லூறுக்குக் கண்ணை மறைத்துப் போடுகிற மாதிரி அதற்கும் தோலில் ஒரு முகமூடி தைத்து, என் கண்ணை மூடிக்கொண்டே மாட்டினேன். சாதுவான பிராணி. என் உள்ளங்கையிலிருந்து நத்தை தின்னும்.

கசாப்புக்காரர் வீட்டு நாய்தான் எனக்கு வழி காட்டியது. என்னைக் கண்டால் வாலாட்டிக்கொண்டு பாய்ந்து வரும். ஒருநாள் பசிலிஸ்கின் முகமூடியைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நாயைக் கூப்பிட்டேன். இன்றைக்கும் போய்ப் பாருங்கள், முன்னங்கால் இரண்டும் தரையில் படாமல் அப்படியே நிற்கிறது. மழை பெய்தாலும் பனி கொட்டினாலும் அந்த நாய்க்குக் குஷி குறையவில்லை. எனக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது. அந்தத் தெருவில் நான் தனியாக ஆடினேன்.

கல்யாணம் ரூடி வீட்டு முற்றத்தில், நல்ல வெயிலில் நடந்தது. அல்சாஸ் திராட்சை மது பீப்பாய் பீப்பாயாக ஓடியது. அன்றைக்கு ஊதின மாதிரி நான் என்றைக்கும் ஊதியதில்லை. ஒருவர் தொப்பி இன்னொருவர் தலையில் இருந்தது. பாதிரியார் ஒற்றைச் செருப்போடு ஆடினார். ரூடியின் அத்தை என்னெலின், பீப்பாய்க்குச் சமமான உடம்புக்காரி, என் எதிரே வந்து இடுப்பில் கை வைத்தாள்.

"ஏண்டா ஹென்மன், எப்பப் பாத்தாலும் கண்ண மூடிக்கிட்டே ஊதுறியே. என் அழகப் பாத்தா கண்ணு கூசுதோ?"

"அத்தை, பாத்துட்டா அப்புறம் ஊத மூச்சு வராது."

"பாத்தீங்களாடி, இந்த வயசுலயும் ஒருத்தனுக்கு மூச்ச நிறுத்துறேன்," என்று கூவிக்கொண்டே அவள் சுழன்றாள். முற்றமே குலுங்கியது.

அதுதான் உச்சம் என்று தெரிந்தது. ஊதுகிறவனுக்கு அது தெரியும். அதற்கு மேல் ஒரு படி போனால் யாராவது வாந்தி எடுப்பார்கள், யாராவது பழைய சண்டையைக் கிளப்புவார்கள். பசிலிஸ்க் இருந்த கூடையை மேஜை நடுவில் வைத்தேன்.

"மச்சான், என்ன சீரு இது? உசுரோட அசையுது," என்றான் ரூடி.

"எல்லாரும் சுத்தி நின்னு ஒண்ணாப் பாக்கணும். அப்பத்தான் ராசி."

முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள். கண்ணை மூடியபடி முகமூடியை உருவிவிட்டு, குழலை வாயில் வைத்தேன். பாட்டின் முதல் வரியிலேயே காலடிச் சத்தம் நின்றது. பாட்டைப் பாதியில் விடுவது மரியாதையில்லை என்று முழுதாக ஊதி முடித்தேன்.

பிறகு கண் திறக்காமலே கூடையைத் துழாவி மூடினேன். கண்ணைத் திறந்து பார்த்தால், அடடா. எத்தனை பல், எத்தனை கன்னக்குழி. என்னெலின் அத்தை ஒற்றைக் காலில், தூசி போல் லேசாக.

வெரேனா மட்டும் உயிரோடு இருந்தாள். கூடையைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் விரல்கள் ரூடியின் கைக்குள் இருந்தன.

"அண்ணே," என்றாள் மெதுவாக, "இவரு கைய விட மாட்டேங்கிறாரு."

பிறகு அவளுக்குப் புரிந்துவிட்டது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். கூடைப் பக்கம் பார்க்கச் சொல்லி எவ்வளவு கேட்டும் திறக்கவில்லை. கையை இழுத்து இழுத்து விரல்களில் தோல் உரிந்தது. அவளை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. எல்லோரும் சந்தோஷமாக இருக்கும் இடத்தில் அவள் ஒருத்தி மட்டும் கிழவியாகிக்கொண்டு நிற்பதா? என் கண்ணை மூடிக்கொண்டு கூடையை மறுபடி திறந்தேன்.

"அத நான் கழுத்தத் திருகிக் கொன்னுட்டேம்மா," என்றேன். "செத்துப்போச்சு. நீயே பாரு."

அவள் பிறந்ததிலிருந்து நான் அவளிடம் பொய் சொன்னதில்லை. அதனால் கண்ணைத் திறந்தாள்.

சற்று நேரத்தில் யார் வீட்டிலோ சேவல் கூவியது. அந்தச் சத்தம் பசிலிஸ்குக்கு ஆகாது, சுருண்டு செத்தது. காவல்காரர்கள் வந்தபோது நான் கடைசிப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

கொலை என்கிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், நான்தான் செய்தேன். ஒரே ஒரு விண்ணப்பம். ஊரில் நல்ல கல்தச்சர் யாராவது இருந்தால் அந்த முற்றத்துக்கு அனுப்புங்கள். வெரேனாவின் உதட்டோரம் இரண்டும் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கிறது. சின்ன உளி போதும், அரைநாள் வேலைதான். மற்றபடி அவளும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.