கரியக்கா அச்சிட்ட எட்டாவது முகம்

தலைமை ஏற்றிருக்கும் ஓவியர் சங்கத் தலைவர் அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் அக்காவின் கணவர், எங்கள் மாமா அவர்களே, மனம் ஆறாமல் வந்திருக்கும் நண்பர்களே!

என்னைப் பேசச் சொன்னார்கள். என்ன பேசுவேன்? பன்னிரண்டு ஆண்டுகள் எங்கள் அச்சு அறையில் பேசியவர் அவர். நான் தூரிகையைக் கழுவிக்கொண்டு கேட்டவன்.

அச்சுக்கலைஞர் கரியக்கா! புகைக்கரியில் செய்த மையைப் பிரிண்டரில் ஊற்றி, நீர்வண்ணத் தாளில் புகைப்படங்களை அச்சிட்டவர். அது காய்ந்ததும் அதன்மேல் நான் வண்ணம் தீட்டுவேன். தண்ணீர் பட்டாலும் அந்தக் கரி கலையாது. "கலர் மையெல்லாம் வெயிலைக் கண்டா ஓடிடும்டா தம்பி. கரி நிக்கும்" என்பார். அந்தத் தாளில் நார் உதிரும். உதிர்ந்தால் பிரிண்டர் அடைத்துக்கொள்ளும். "மெஷினுக்குச் சளி பிடிச்சிருச்சு" என்று சிரித்துக்கொண்டே ஒவ்வொரு தாளையும் மெல்லத் துடைத்துத்தான் உள்ளே விடுவார்.

மெத்தைத் தொழிற்சாலை எரிந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பதினொரு பேர் போனார்கள்! பலருடைய வீட்டில் ஒரு படம்கூட இல்லை. வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த தாளில் ஒட்டிய சிறு படத்தின் நகல்தான் மிச்சம். அதன்மேலும் அலுவலக முத்திரை. அந்த முத்திரையைக் கணினியில் புள்ளி புள்ளியாக நீக்கி, முகத்தை மீட்டு, பதினொரு வீட்டுக்கும் படம் அச்சிட்டுத் தர முன்வந்தவர் யார்? நம் அக்கா!

மூன்றாவது படத்துக்கு ஒரு தாய் வந்தார். "இது என்ன மைம்மா?" என்று கேட்டார். அக்காவுக்குப் பொய் வராது.

"கரிங்க."

அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. "என் புள்ளையக் கரியாத்தான் தூக்கிட்டு வந்தாங்க. மறுபடியும் கரியிலயா?"

நான் முந்திக்கொண்டு, அது நூறு வருடம் மங்காது என்று விளக்க ஆரம்பித்தேன். அக்கா என் முழங்கையைப் பிடித்தார். பிறகு அந்த அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "எனக்கு இது தோணவே இல்லீங்க. வேணாம்னா இப்பவே நிறுத்திடுறேன். அவன் என்ன சட்டை போட்டிருந்தான்?"

அந்த அம்மா படத்தைத் தொட்டபடி சொன்னார்: "வெளுத்த நீலம். ஒரு பட்டன் மட்டும் சிவப்பு. நான் தச்சது."

அக்கா என் தூரிகையைப் பிடுங்கி அந்தத் தாயின் கையில் கொடுத்தார். அந்த அம்மாவே அந்தப் பட்டனைத் தீட்டினார். சிவப்பு வண்ணம் பட்டனின் விளிம்பைத் தாண்டி வழிந்தது. நான் ஒற்றி எடுக்கப் போனேன்.

"கைய எடுடா! அந்தப் பட்டனைத் தச்சது அவங்க!"

அன்றிலிருந்து ஒவ்வொரு குடும்பத்தையும் அழைத்து, அவர்கள் சொன்ன நிறத்தை, முடிந்தால் அவர்கள் கையாலேயே தீட்ட வைத்தார். ஏழு படங்கள் முடிந்தன.

போன செவ்வாய்க்கிழமை மதியம் நான் சாப்பிட்டுவிட்டு வந்தேன். எட்டாவது முகம் அச்சாகித் தாள் முழுதாக வெளியே வந்திருந்தது. அக்கா நாற்காலியில் சாய்ந்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். நினைத்துப் பாருங்கள், எரிச்சல்கூடப் பட்டேன்! "அக்கா, வேலை கிடக்கு, எந்திரிங்க" என்று அதட்டினேன். நான் அவரிடம் சொன்ன கடைசி வார்த்தை அதுதான். அது அவர் காதில் விழவில்லை. மருத்துவர் மாரடைப்பு என்றார். எனக்கு அந்தச் சொல் விளங்கவே இல்லை. ஏழு வீட்டுத் துக்கத்தைத் தாங்கிய நெஞ்சா அடைத்துக்கொண்டது?

மாமா, என்னை மன்னியுங்கள். நான் அரை மணி நேரம் முன்னால் வந்திருக்க வேண்டும்.

நண்பர்களே! எட்டாவது முகத்துக்கு உரியவரின் மனைவி அதற்கு வண்ணம் தீட்ட நாளை காலை வருகிறார். கதவைத் திறந்து வைத்திருப்பேன். இன்னும் மூன்று பேரின் படம் மிச்சம். எனக்கு அச்சிடத் தெரியாது. அந்த இயந்திரத்தை இதுவரை நான் தொட்டதில்லை; அக்கா தொட விட்டதுமில்லை. இனி கற்றுக்கொள்வேன். இந்த அவையில் இருக்கும் அந்த மூன்று வீட்டாரே, உங்கள் கைகளைப் பிடித்துக் கேட்கிறேன்: முதல் தாளைக் கெடுப்பேன், இரண்டாவதையும் கெடுப்பேன். பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளையின் முகம் சரியாக வரும்வரை அச்சிடுவேன்.