நோட்டீஸில் இல்லாத பெயர்

எர்சிலியா: பால்கனிக் கதவு மட்டும் வேண்டாம் சிஞ்ஞோரா. ஜன்னலத் திறந்து விடறேன்.

டொனாட்டா: பால்கனிக்காகத்தானே இந்த அறைய எடுத்தேன்.

எர்சிலியா: மழையில மரம் உப்பிடுச்சு.

டொனாட்டா: ஒரு வாரமா கிரெமோனாவுல மழையே இல்ல.

எர்சிலியா: முன்னூறு வருஷத்துக் கதவு. போன மாசத்து மழைக்கு இந்த மாசம்தான் உப்பும்... காப்பியக் குடிங்க. காலைல மட்டும் குடிக்கற பால் காப்பிய சாயங்காலம் நாலு மணிக்கான்னு சமையல்காரன் கேக்கறான். இந்தம்மா நிஜமாவே ஃபெராரா ஊர்க்காரியா, இல்ல ஜெர்மன்காரியான்னு.

டொனாட்டா: வயித்துல புண்ணுன்னு சொல்லுங்க... இந்தக் கட்டில்ல ஒரு கார்டினல் படுத்தாராமே?

எர்சிலியா: செத்ததும் இதுலதான். அத விருந்தாளிங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு இந்த மாளிகையோட பிரபு உத்தரவு.

டொனாட்டா: வேற எதெல்லாம் சொல்லக் கூடாது?

எர்சிலியா: ...தலையணை மாத்தவா?

டொனாட்டா: ரெண்டு வருஷத்துக்கு முந்தி இந்தப் பால்கனியிலருந்து ஒரு கல்யாணப் பொண்ணு விழுந்தாளாமே.

எர்சிலியா: அதான் பேப்பர்ல எல்லாம் வந்துச்சே.

டொனாட்டா: வந்துச்சு. கல்யாணத்துக்கு மறுநாள் காலைல. புருஷன்காரன் குடிக்க வெச்சான், அவ கிளாஸும் கையுமா கைப்பிடிச் சுவர் மேல ஏறி உக்காந்தான்னு. கீழ முத்தத்துலருந்து பாத்தவங்க கோர்ட்டுல சத்தியம் பண்ணாங்களாம்.

எர்சிலியா: பாத்தது நான்தான்.

டொனாட்டா: தெரியும்... நாற்காலி மேல ஏறி பல்பு மாட்டச் சொன்னாலே நடுங்குவா. அவ போயி...

எர்சிலியா: யாரு சிஞ்ஞோரா?

டொனாட்டா: ...எனக்குத் தெரிஞ்ச ஒருத்தி.

எர்சிலியா: உங்க பொண்ணு. நேத்து உங்க அடையாள அட்டைய வாங்கி, எல்லா விருந்தாளிக்கும் அனுப்பற மாதிரி போலீசுக்கு விவரம் அனுப்பினது நான்தான். பிரபு பக்கத்துல நின்னு படிச்சார். அவருக்கு ஒண்ணும் உறைக்கல. பொண்ணுக்கு அவ அப்பா குடும்பப் பேரு, உங்களுக்கு உங்க அப்பா பேரு. நம்ம பக்கம் எவ புருஷன் பேர எழுதறா.

டொனாட்டா: அப்ப உங்களுக்கு மட்டும் எப்படி?

எர்சிலியா: அடக்கத்தன்னிக்கு ஃபெராராவுக்கு வந்தேன். கோயிலுக்குள்ள வரத் தைரியம் இல்ல. வெளிச் சுவத்துல ஒட்டியிருந்த சாவு நோட்டீஸ மட்டும் படிச்சேன். கண்ணீரோட அறிவிக்கறது அம்மா டொனாட்டா மல்வேத்சி, தம்பி ருஜ்ஜேரோ... புருஷன் பேரே இல்ல.

டொனாட்டா: நான்தான் போட விடல. வாசல்ல வந்து நின்னவனயும் திருப்பி அனுப்பினேன். மாசம் ஒரு கடுதாசி போட்டான். ஒண்ணு கூடப் பிரிக்கல.

எர்சிலியா: என் வார்த்தைய நம்பித்தானே...

டொனாட்டா: ஆமா. அதான் வந்தேன். இந்த அறையில வெச்சு, என் முகத்தப் பாத்து, அத இன்னொரு தடவ சொல்லுங்க.

எர்சிலியா: ...முடியாது சிஞ்ஞோரா.

டொனாட்டா: ஏன்?

எர்சிலியா: பால்கனிக் கைப்பிடிச் சுவத்துல மூணு கல்லு ஆடிக்கிட்டு இருந்துச்சு. புராதனக் கட்டடம். அனுமதி இல்லாம ஆணி அடிக்கக் கூடாது. பிரபு அனுமதி கேட்டு சர்க்காருக்கு எழுதிப் போட்டார், பதில் வரல. அறையப் பூட்டிடலாம்னேன். கல்யாண மாசத்துல இந்த அறையப் பூட்டறதான்னு சிரிச்சார். கம்பி சுத்தி, முன்னாடி ஜெரேனியம் பூத்தொட்டிய வெச்சு மறைச்சவ நான். யாரும் கிட்டப் போக மாட்டாங்கன்னு நெனச்சேன்.

டொனாட்டா: அவ போனா.

எர்சிலியா: பூவுக்கு வெயில் படட்டும்னு தொட்டிய நகத்தியிருக்கா. மாப்ள ரொட்டிக் கடைக்குப் போக முத்தத்துல இறங்கி வந்தார். பாதாம் வெச்சது ரெண்டு வாங்குன்னு மேலருந்து சொன்னா. அவர் அண்ணாந்து சிரிச்சார்...

டொனாட்டா: கையில கிளாஸ்?

எர்சிலியா: காலைல ஏது கிளாஸ். ஏறவும் இல்ல, உக்காரவும் இல்ல. கைய மட்டும்தான் வெச்சா. பிரபு எனக்கு இந்த மாளிகைக்குப் பின்னாடி வீடு குடுத்திருக்கார். என் பையனும் அவர்கிட்டதான் வேல பாக்கறான். அதுக்காக... அடிச்சிடுங்க சிஞ்ஞோரா. இப்படிச் சும்மா உக்காந்திருக்காதீங்க.

டொனாட்டா: எழுதிக் கையெழுத்துப் போடுவீங்களா?

எர்சிலியா: இப்பவே போடறேன். ஜெயிலுக்கும் போறேன். அதுக்கு முன்னாடி உங்க மருமகனப் பாக்கணும். அவர் மேல தப்பே இல்லன்னு நானே அவர் முகத்தப் பாத்துச் சொல்லணும். என்னைக் கூட்டிட்டுப் போறீங்களா?

டொனாட்டா: எங்கன்னு கூட்டிட்டுப் போறது. போன செவ்வாய்க்கிழமை அவனோட சாவு நோட்டீஸ் எங்க தெருச் சுவத்துல ஒட்டியிருந்துச்சு. படுக்கையில கிடந்தப்பவே அவனே சொல்லி எழுத வெச்சானாம். அவனப் பெத்தவ பேருக்குக் கீழ என் பேரு இருக்கு எர்சிலியா... அம்மா டொனாட்டான்னு.