வெறும் வெல்லம்

கரி இறக்குகிறவர்கள் வேலை முடிந்ததும் ஒரு துண்டு வெல்லம் வாயில் போட்டுக்கொள்வது எங்கள் பக்கத்துப் பழக்கம். தொண்டையில் ஒட்டின தூசு அதோடு இறங்கிவிடும் என்பார்கள். இறங்குமோ இறங்காதோ, துறைமுகத்தில் இருந்த வரைக்கும் நானும் தின்றேன்.

என் பெயர் வேம்பு. நீங்கள் எழுதித் தரச் சொன்னீர்கள், ஐயா, எழுதுகிறேன். நாற்பதுக்கு மேல் கற்ற எழுத்து, கோணலாகத்தான் வரும்.

இடுப்பு போன பிறகு துறைமுகத்தில் என்னை வேண்டாம் என்றார்கள். யசோதராதான் வேலை கொடுத்தாள். என்னோடு கரி சுமந்த பீம்ராவின் மகள். வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டில் எங்கள் பக்கத்து வாசல். டாக்டர் படிப்பையும் ஆராய்ச்சிப் பட்டத்தையும் சேர்த்துப் படிக்கிற இடம் அவளுக்குக் கிடைத்திருந்தது. கூடப் படித்தவர்கள் கிளினிக் வைத்துவிட்டார்கள். இவள் வார்டிலும் ஆராய்ச்சிக்கூடத்திலுமாக ஓடிக்கொண்டிருந்தாள்.

"அதான் டாக்டராயிட்டியே, இன்னும் இன்னாத்துக்கு பட்ச்சிகினே கீற?" என்பான் பீம்ராவ்.

"மருந்து குடுக்கறவ வேற, கண்டுபுடிக்கறவ வேறப்பா. நான் ரெண்டும்."

தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் காசநோய்க்காரர்களை வைத்து அவள் ஆராய்ச்சி. எல்லாருக்கும் வழக்கமான மாத்திரை. பாதிப் பேருக்கு மட்டும் அதோடு அவளுடைய புது மாத்திரை. யாருக்குப் புதுசு என்பதைக் குலுக்கிப் போட்டு முடிவு செய்தார்கள். வீடு வீடாகப் போய், மாத்திரை விழுங்குவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். சளியைக் கோப்பையில் வாங்கி வர வேண்டும். அதுதான் என் வேலை.

சளியைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. உதட்டிலிருந்து கோப்பைக்கு நூலாகத் தொங்கும், அறுபடாது. எண்ணூர் அனல்மின் நிலையத்துக்கு வேலைக்குப் போகிற ஆள் துப்பினால் அதில் சாம்பல் கலந்திருக்கும். மூடி திருகும்போது விரல் வழுக்கும். வீட்டுக்கு வந்து சோறு பிசைந்தால் அதே வழவழப்பு. குழம்பு ஊற்றாமல் தின்னப் பழகிக்கொண்டேன். யசோதரா அதையே பூதக்கண்ணாடியில் வைத்துக்கொண்டு சாப்பாட்டை மறந்து உட்கார்ந்திருப்பாள்.

மாத்திரை குமட்டுகிறது என்று எல்லாரும் முரண்டு பிடித்தார்கள். வெல்லத்தை உருட்டி, ஒவ்வொரு மாத்திரையையும் உள்ளே பொதிந்து கொடுத்தேன். மறுபேச்சில்லாமல் விழுங்கினார்கள். நல்ல யோசனை என்று யசோதரா எல்லாரிடமும் சொன்னாள்.

பாதி வேலை நடந்திருக்கும்போது பார்த்தால், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தேறி வந்தார்கள். புது மாத்திரையால் ஒன்றும் ஆகவில்லை. அவளுடைய பட்டம் போய்விடும் என்று எனக்குப் பட்டது. கேட்டேன்.

"வித்தியாசம் இல்லன்னா அதுவும் ஒரு பதில்தான் மாமா. அப்டியே எழுதிக் குடுப்பேன். பட்டம் குடுப்பாங்க."

நான் நம்பவில்லை. கப்பல் காலியாக வந்தால் எங்களுக்குக் கூலி கிடையாது. தோற்கிறவள் மனசைத் தேற்றிக்கொள்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு, புது மாத்திரை இல்லாத பாதியில் மூன்று பேருக்கு வெறும் வெல்லம் கொடுத்தேன். அவர்களுடைய மாத்திரையைக் கக்கூஸில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். அவர்கள் தேறாமல் போனால் புது மாத்திரை ஜெயித்த மாதிரி தெரியும். அவ்வளவுதான் கணக்கு.

அந்த வழக்கமான மாத்திரை தின்றால் மூத்திரம் சிவப்பாகப் போகும். டோல்கேட் பக்கம் மீன் ஆய்ந்து கொடுக்கிற பச்சையம்மா அதைக் கவனித்துவிட்டாள்.

"இன்னா நைனா, செவப்பா போறது நின்னுபோச்சு?"

"சீக்கு கொறையுது. அதான்."

கையெடுத்துக் கும்பிட்டாள். மூன்று பேரில் இன்னொருவரான சௌக்கத் அலிக்கும் நான் அதையேதான் சொன்னேன். அவர் கையேந்தி எனக்காக துஆ செய்தார்.

பச்சையம்மா உருகிப்போனாள். துப்பினதில் ரத்தம் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று நானும் பக்கத்தில் நின்றேன். யசோதராவின் கையைப் பிடித்துக்கொண்டு அவளே சொன்னாள்.

"செவப்பு நின்னா சீக்கு போச்சுன்னு நைனா சொல்லிச்சே கண்ணு. அப்பால ஏன் ரத்தமா வருது?"

யசோதரா என்னைத் திரும்பிப் பார்த்தாள். மாத்திரை உள்ளே போகிற வரைக்கும் சிவப்பு நிற்காது என்பது அவளுக்குத் தெரியும். அன்றைக்கே ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு, நடந்ததைக் கல்லூரியில் தானே சொல்லிவிட்டாள். மூன்று பேருக்கும் மறுபடி மருந்து ஆரம்பித்தார்கள். தௌசீஃப் என்கிற பையன் பிழைத்துக்கொண்டான். பச்சையம்மாவும் சௌக்கத் அலியும் போய்விட்டார்கள். இரண்டு பேரையும் கொன்றது நான். அதை மறுக்கவில்லை.

யசோதரா இப்போது வெறும் டாக்டர். ஆராய்ச்சிப் பட்டத்தை விட்டுவிட்டாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் கிடைத்திருக்கும். நான் பாடுபட்டதை அவளே கெடுத்துக்கொண்டாள்.

அந்தப் பாதியில் அத்தனை பேர் இருக்க, ஏன் இந்த மூன்று பேர் என்று ஸ்டேஷனில் கேட்டீர்கள். யோசித்துப் பார்த்தேன். கோப்பையில் ஒழுங்காகத் துப்பாமல் என் கையில் தெறிக்க விட்டவர்கள் இவர்கள்தான். பச்சையம்மா துப்பினது ஒருமுறை என் உதட்டில் பட்டது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, ஐயா. யசோதராவின் படிப்புக்காகத்தான் செய்தேன்.