டவர் பலகைக்குப் பூஜை

என் பெயர் சுகாசினி, வயது 29, தகப்பனார் பெயர் சின்னப்பையன். வாலாஜாபாத்தை அடுத்த ரைஸ்மில் பின்தெருவில் குடியிருக்கிறேன். ஏனாத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் பிரிவில் ஆராய்ச்சி மாணவியாக இருந்துவருகிறேன். என் எதிர்வீட்டு ஜோதிகா மூச்சுத்திணறலில் இறந்துபோனாள். அவள் கணவர் மணிவண்ணன் வேண்டுமென்றே ஆம்புலன்ஸைக் கூப்பிடாமல் விட்டார் என்று அவள் அண்ணன் சந்தோஷ்குமார் புகார் கொடுத்துள்ளார். கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகாத பெண் என்பதால் கோட்டாட்சியர் அம்மா விசாரிக்கிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் தெரு மில்லின் தகரக் கொட்டகைகளுக்குப் பின்னால் பள்ளத்தில் இருக்கிறது. ரோட்டோர டவரின் சிக்னலைக் கொட்டகை மறைத்துவிடும். போன் பேச மில் கேட் வரை நடக்க வேண்டும். என் ஆராய்ச்சியே இந்த மாதிரி இடங்களுக்குத்தான். கல்யாணப் பத்திரிகை கனத்துக்கு ஒரு தகடு, அதன்மேல் செம்பில் ஆயிரக்கணக்கான சின்னக் கட்டங்கள், ஒவ்வொன்றும் ஒரு அளவு. கரண்ட் கிடையாது. கண்ணாடியில் பட்ட வெளிச்சம் அதன் போக்கில் திரும்பும். இதில் பட்ட சிக்னலோ நாம் கணக்குப் போட்டு வைத்த பக்கம் திரும்பும், வாய்க்கால் தண்ணீரை மடை மாற்றி விடுகிற மாதிரி. இந்த இடத்தில் வாக்குமூலம் எழுதுகிற அம்மா "கதிர்வீச்சு எந்திரம்" என்று எழுதினார்கள். எந்திரமும் இல்லை, அதிலிருந்து எதுவும் கிளம்பவும் கிளம்பாது என்று சொல்லி அதை அடித்துத் திருத்த வைத்தேன். இந்தச் சாவில் ஏற்கெனவே இருக்கிற பழி போதும்.

பஞ்சாயத்தில் கேட்டு, தெருமுனைத் தண்ணீர் டேங்க் தூண்களுக்கு நடுவே இரண்டு கதவு அகலத்துக்கு அந்தத் தகடுகளை ஒரு பலகையாக மாட்டினேன். மாட்டிய அன்றே தெருவுக்குள் டவர் வந்தது. அதன் பிறகு எல்லாரும் வீட்டுக்குள் படுத்துக்கொண்டே பேசினார்கள். மில் கேட்டுக்கு நடப்பதையே மறந்துபோனார்கள். ஜோதிகாவுக்குச் சின்ன வயசிலிருந்தே வீசிங் உண்டு, தவிட்டுத் தூசி ஆகாது. "இனிமே எனக்கு இன்னாக்கா பயம், மூச்சு இழுத்தா படுத்துக்கினே ஒரு போன் போடுவேன், வண்டி வந்துடும்" என்று என்னிடம் சொன்னாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அதன் பிறகு ஆயுத பூஜை வந்தது. அன்று நான் திருப்புட்குழியில் அத்தை வீட்டில் இருந்தேன். எங்கள் தெருவில் மோட்டார் ரூம், தையல் மிஷின், சைக்கிள் என்று உதவுகிற பொருள் எதையும் விடாமல் பொட்டு வைப்பார்கள். கிறிஸ்தவ வீடுகளிலும் பொரி கடலை வாங்குவார்கள். ஜோதிகா காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் பேக்கிங் வேலை பார்த்தாள். முகூர்த்தச் சேலைப் பெட்டிக்குள் விரிக்கும் தங்க ஜிகினா பேப்பரில் மிச்சம் விழுந்ததைக் கொண்டுவந்து, ஏணி போட்டு ஏறி, பலகை முழுக்க ஒட்டி, சந்தனம் குங்குமம் வைத்திருக்கிறாள். அந்தப் பேப்பரின் மினுமினுப்பு அலுமினியப் பூச்சு. அது மூடினால் என் கட்டங்கள் ஒன்றும் வேலை செய்யாது, பலகை வெறும் கண்ணாடி போல் ஆகி, தெருவுக்கு வர வேண்டிய சிக்னல் ஆளில்லாத வயக்காட்டுக்குப் போய்விடும். வெயில், மழை, குரங்கு எல்லாவற்றுக்கும் யோசித்து வைத்திருந்தேன். ஜிகினாவுக்கு யார் யோசிப்பார்கள்?

அன்று சாயந்திரம் அவளுக்கு இழுப்பு வந்திருக்கிறது. மணிவண்ணன் வாசலில் நின்று 108க்குப் போட்டுப் போட்டுப் பார்த்ததாகவும், போகவில்லை என்றும், பக்கத்து வீட்டுப் போன்களிலும் போகவில்லை என்றும், இப்போ வரும் இப்போ வரும் என்று கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டதாகவும், அதன் பிறகு அவளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடியதாகவும், பூஜை நாளாகையால் ஆட்டோ இல்லாமல் ஒரு பால் வண்டியில் போனதாகவும், ஆஸ்பத்திரி வாசலில் உயிர் இல்லை என்றும் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் காலை சாவு விழுந்த தெருவில் தோரணம் இருக்கக் கூடாது என்று வாழை மரம், மாவிலை, பலகையில் இருந்த ஜிகினா எல்லாவற்றையும் பிய்த்துப் போட்டுக் கழுவிவிட்டார்கள். நான் பிணத்தருகே உட்கார்ந்திருந்தபோது என் போனுக்கு ஜோதிகாவிடமிருந்து மெசேஜ் வந்தது. முந்தின நாள் அனுப்பி, டவர் இல்லாமல் அவள் போனிலேயே நின்று, பலகையைக் கழுவியதும் தானாகக் கிளம்பி வந்திருக்கிறது. ஜிகினா மூடிய பலகைக்குப் பக்கத்தில் ஏணி மேல் சிரித்துக்கொண்டே அவள் தன்னைத் தானே எடுத்துக்கொண்ட படம். "அக்கா உன் பலகைக்கு பூஜை போட்டாச்சி, எப்படி இருக்குது?" என்று போட்டிருந்தாள்.

அதைப் பார்த்ததும் நடந்தது இன்னதென்று எனக்குப் புரிந்துவிட்டது. மணிவண்ணனை ஓரமாகக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் போனை என் கையிலேயே திருப்பிக் கொடுத்து, "அவ ஒட்டுனான்னு சொல்லாதம்மா, அவங்கம்மா தாங்காது. கேட்டா நான் ஒட்டுனேன்னு சொல்லிடு" என்றார்.

அதன் பிறகு போலீஸ் வந்து தெருவில் போனைப் பார்த்தபோது டவர் முழுசாக இருந்தது. மணிவண்ணன் போனில் 108க்குப் போட்டது பதிவாகியிருந்தது. அதற்குச் சந்தோஷ்குமார், "தெரு பூரா டவர் நிக்குது, இவன் போன் மட்டும் எப்படி போவாம இருக்கும்? ஏரோப்ளேன் மோடுல போட்டுக்கினு நடிச்சிருக்கான்" என்றார். தங்கச்சி போன ஆத்திரம், அவரைக் குறை சொல்ல மாட்டேன். அன்று டவர் இல்லை என்று தெருவில் நாலு பேர் சொன்னதை, மாப்பிள்ளை வீட்டுச் சொந்தம் என்று தள்ளிவிட்டார்கள். மணிவண்ணனை அழைத்துப் போனார்கள். எஸ்.ஐ. முன்னால் அதே பேப்பரை ஒட்டிக் காட்டினேன், டவர் போய்விட்டது. "இன்னிக்குப் போச்சு, சரி. அன்னிக்கு ஒட்டியிருந்துதுன்னு யாரும்மா சொல்றது?" என்றார். என் கைடு ஸௌந்தரராஜன் சாரிடம் கடிதம் கேட்டேன். "அன்னிக்கு நான் அங்க இல்லையேம்மா, எதை வெச்சு எழுதறது?" என்று கண் கலங்கினார். அதுவும் நியாயம்தான். ஜிகினாவைப் பிய்த்தவர்களும் மணிவண்ணன் சொந்தம்தான். மிச்சம் இருப்பது அந்தப் படம் ஒன்றுதான், மணிவண்ணன் கேட்டுக்கொண்டதற்காக அதை இதுவரை வேறு யாரிடமும் காட்டவில்லை.

மணிவண்ணன் என்னிடம் கேட்டுக்கொண்டபடி சொல்லலாம் என்றுதான் இங்கே வந்தேன். அவர்தான் ஒட்டினார் என்று சொன்னால், திட்டம் போட்டு டவரை மறைத்தார் என்று அதையே அவர் கழுத்துக்குக் கயிறாக்கிவிடுவார்கள். ஆகையால் ஒட்டியது ஜோதிகா என்றே சொல்கிறேன். என் போனை ஒப்படைக்கிறேன். அவள் போனிலும் அனுப்பிய நேரம் இருக்கும், பார்த்துக்கொள்ளலாம்.

ஜோதிகாவின் அம்மா மேரிக்குப் படிக்கத் தெரியாது. விசாரணையில் எல்லா வாக்குமூலத்தையும் அவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுவார்கள் என்று சொன்னார்கள். யார் ஒட்டினார்கள் என்ற இடத்தை மட்டும் அந்த அம்மாவுக்கு விட்டுவிட்டுப் படிக்க முடியுமா என்று கேட்டேன். அப்படி விட்டுப் படிக்க வழியில்லை என்று கோட்டாட்சியர் அம்மா சொன்னார்கள். நான் இருக்கும்போது படிக்க வேண்டாம் என்று கேட்டேன். அந்த அம்மா வெளியில் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார், இப்போதே கூப்பிடப் போகிறோம் என்றார்கள்.

இதில் கண்டதெல்லாம் நானாகச் சொன்னது, யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. படித்துக் காட்டக் கேட்டேன், நடந்ததும் இதுதான்.

(ஒப்பம்) சி. சுகாசினி