செப்புக்காசுச் சக்கரம்

வீரபாண்டித் திருவிழாவுக்குப் போன கூண்டு வண்டியில் என் எதிரே இரண்டு பெண்கள். இளையவளின் மடியிலிருந்த குழந்தை ஒரு பித்தளைக் குதிரையை உருட்டிக்கொண்டிருந்தது.

"இது நம்ம உத்தமபாளையத்துக் கன்னான் வார்த்த குதிரை தாயி," என்றாள் மூத்தவள் திடீரென்று.

"இல்ல ஆத்தா, மதுரையில வாங்குனதுன்னு எங்க மாமனாரு சொன்னாக. நூறு வருசத்துச் சாமானாம்."

"இருபது வருசங்கூட ஆகல. ஒரு சக்கரம் மட்டும் செப்புக்காசா இருக்கும் பாரு."

இளையவள் குதிரையைக் கவிழ்த்தாள். மூன்று சக்கரம் பித்தளை. நாலாவது, நடுவில் துளையிட்ட செப்புக்காசு.

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மாட்டுனவளே நாந்தான். எம்மகன் பழைய பித்தளைச் சக்கரத்தத் தொலைச்சுட்டு அழுதான். பெறகு தாது வருசத்துப் பஞ்சம் வந்துச்சு. ரெண்டு படி கம்புக்கு ஒரு வீட்டுல இதக் குடுத்துட்டேன்."

இளையவள் குதிரையை அவளிடம் நீட்டினாள். மூத்தவள் அதன் முதுகை ஒருமுறை தடவிவிட்டுக் குழந்தையிடமே கொடுத்தாள்.

"அந்தப் பிள்ளை என்னாச்சு ஆத்தா?" என்றாள் இளையவள்.

மூத்தவள் வண்டியின் முன்பக்கம் கை காட்டினாள்.

"அங்கன மாடு பத்துறான் பாரு. ஒங்க வீட்டுக் கம்புலதான் பொழச்சான்."