குங்குமம் வைத்த டிரில்லிங் மிஷின்

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஒரு தச்சரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் மடியில் ஒரு டிரில்லிங் மிஷின். பூஜையில் வைத்த சந்தனமும் குங்குமமும் அதில் அப்படியே இருந்தன.

"யார் கேட்டாலும் நீதான் கழுவினதா சொல்லிடு," என்றார் அவர்.

"உளி, ரம்பம் கழுவினா சரி. கரண்டு மிஷினைப் போய் குழாயடியில காட்டுவாங்களா?"

"மெதுவா பேசு. வருஷா வருஷம் கழுவுற பழக்கத்துல கை போயிடுச்சு."

"ஈரத்தோட பிளக்குல வேற சொருகினீங்க. புகை வந்துச்சு. இரவல் வாங்கின மிஷின். எங்கண்ணனுக்குப் புதுசாவே வாங்கிக் குடுத்துடலாங்க."

"உங்கண்ணன் இதுல பேரு வெட்டி வச்சிருக்கான். புதுசு குடுத்தா பழசு என்னாச்சுன்னு கேப்பான். டவுன்ல குடுத்து, உள்ள எரிஞ்ச காயிலைப் புதுசா கட்டி இதையே ஓட வச்சுட்டா யாருக்கும் தெரியாது. தச்சனே மிஷினைக் கழுவினான்னு தெரிஞ்சா எவன் கூப்பிட்டு வேலை குடுப்பான்?"

சீட்டுக் கிழிக்க வந்த கண்டக்டர் அவர்களுக்குத் தெரிந்தவர் போலிருந்தது.

"என்னண்ணே, மிஷின் அவுட்டா?"

தச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நான்தாம்பா பூஜைக்குக் கழுவிட்டேன்," என்றார் மனைவி, பின் இருக்கை வரை கேட்கும்படி.

நாலைந்து பேர் சிரித்தார்கள். கண்டக்டரும் சிரித்தார். "அவங்களை நம்பி வுட்டது உன் தப்புண்ணே!"

தச்சர் தலையைக் குனிந்துகொண்டார். தோள் துண்டை எடுத்து மிஷினைத் துடைக்க ஆரம்பித்தார். குங்குமம் முழுவதும் போன பிறகும், பேருந்து நிலையம் வரும்வரை குனிந்த தலை நிமிராமல் துடைத்துக்கொண்டே வந்தார்.