பெயிண்ட் காயட்டும்

வீட்டு வசதிக் கழகத்தின் தலைவராய் இந்த அவையிலும் தலைமை ஏற்றிருக்கும் பெருந்தகையே, கழகத்தின் கட்டுமானப் பயிற்சி நிலையத்தில் என்னோடு சாந்தும் செங்கலும் சுமந்த ஆசிரிய நண்பர்களே, இன்று சாவி வாங்க வந்திருக்கும் பெரியோர்களே, கைக்குழந்தையோடு வெயிலில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

வாழ்த்திப் பேசச் சொன்னார்கள். வாய் வரவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

ஆற்றோரக் குடிசைகளை இடித்த ஆண்டில் எங்களிடம் கொத்து வேலை பழக ஒரு பெண் வந்தார். மேஸ்திரியம்மா என்றே அவரை அழைத்தோம். பயிற்சியில் காலையில் கட்டிய சுவரை மாலையில் பிரித்துவிடுவோம். மறுநாளைக்குச் செங்கல் வேண்டுமே. அவருடைய முதல் சுவரைப் பிரிக்கச் சொன்னேன். சாந்துக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"இடிக்கிறத ஒரு தடவ பாத்துட்டேன் சார். இத வேற யாரையாவது செய்யச் சொல்லுங்க."

நானே பிரித்தேன். அவர் திரும்பி நின்றுகொண்டார்.

பயிற்சி முடிந்து, இதோ உங்கள் கண்முன் நிற்கும் இதே கட்டடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். இதில் அவருக்கும் ஒரு வீடு ஒதுக்கியிருந்தார்கள். அவர் கணவர் பெயிண்டர். நெஞ்சு நோயோடு தகரக் கொட்டகையில் படுத்த படுக்கையாய்க் கிடந்தார். மாலைதோறும் அவருக்கு ஒரே கேள்வி.

"இன்னிக்கு நம்ம வீட்ல என்ன வேலை?"

"ஜன்னல் வெச்சாச்சு. உங்க கட்டில் அதுக்குப் பக்கத்துலதான்."

"காத்து வருமா?"

"வராம எங்க போகும்? அப்புறம் போர்வை கேப்பீங்க பாருங்க."

பிறகு வேலை நின்றது. ஏன் நின்றது? மணல் இல்லையா? மலைபோல் குவிந்திருந்தது. ஆள் இல்லையா? வாசலில் வந்து வந்து திரும்பினார்கள். ஒரு கையெழுத்து இல்லை, ஐயா. ஒரு மேசையிலிருந்து மறு மேசைக்கு ஒரு கோப்பு நகர ஒரு மழைக்காலம் தேவைப்பட்டது. மூட்டைக்குள்ளேயே சிமெண்ட் கல்லாய் இறுகியது.

ஆனால் அந்தக் கொட்டகையில் மட்டும் வேலை நிற்கவில்லை. பூச்சு முடிந்தது என்றார் மேஸ்திரியம்மா. தரை போட்டாயிற்று என்றார். பெயிண்ட் அடித்தாயிற்று என்றும் சொல்லிவிட்டார்.

"அப்ப ஏன் இன்னும் போகல?"

"பெயிண்ட் காயட்டும்ங்க."

மறு வாரமும் அதே பதில். அதற்கடுத்த வாரமும் அதே பதில். வாழ்நாளெல்லாம் சுவருக்கு வண்ணம் பூசிய மனிதர் அவர். பெயிண்ட் காய எவ்வளவு நேரமாகும் என்று தெரியாதவரா?

"சரிம்மா. நல்லா காயட்டும்" என்றார்.

அந்த மழையிலேயே அவர் போய்ச் சேர்ந்தார்.

வேண்டாம், கை தட்டாதீர்கள். அந்த அம்மா முன்வரிசையில்தான் இருக்கிறார்.

கட்டடம் காத்திருக்கும். கம்பி காத்திருக்கும். காகிதம் காலமெல்லாம் காத்திருக்கும். மனிதனின் மூச்சு காத்திருக்குமா?

இன்று காலை அவரிடம், "மேடைக்கு வருவீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"வரேன் சார். பின்னாடி அடுத்த கட்டடம் பாதியில நிக்குது. அதுக்குக் காத்திருக்கிற எந்தக் கொட்டகைல யாரு யாருக்கு என்ன பொய் சொல்லிட்டு இருக்காங்களோ. அது எப்ப முடியும்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

தலைவர் அவர்களே, கேட்டுவிட்டேன். அந்தக் கட்டடம் முடியும் நாளை, இந்த ஒலிபெருக்கியில், இத்தனை பேர் முன்னிலையில், நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பொறுமையோடு செவிகொடுத்த உங்களுக்கு என் நன்றி. வணக்கம் கூறி, ஒலிபெருக்கியைத் தலைவரிடம் தருகிறேன்.